பொறுமை இழக்கும் குடல்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா வந்துபோன பிறகு நம் ஊர்ச் சுவர்களில் ஒரு வாசகம் குடியேறிவிட்டது: "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்." கம்பம் பஸ் நிலையத்தில் தொடங்கிக் குமுளி மலைப்பாதை ஏறி முடியும்வரை கஷாயப் பொட்டலம், சத்துமாவு, தேன் புட்டி என எதை விற்றாலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்று நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம்.

நான் குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்த அறிவுரை பொருந்தவே பொருந்தாது. அவர்களுடைய குடலில் வெள்ளணுக்கள் ஓய்வின்றி வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்த ஓயாத வேலைதான் அவர்களுடைய நோய். அவர்களைப் பற்றியும் அவர்களுடைய குடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியும் இன்று பேசுகிறேன்.

குடல் அழற்சி நோய் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு நோய்களை. ஒன்று அல்சரேட்டிவ் கொலைடிஸ். மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்படலம் மட்டும் புண்ணாகும். சளியும் இரத்தமும் கலந்து மலம் போகும். மற்றொன்று கிரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்றாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். அது குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும். வழியைச் சுருக்கும், ஓட்டை போடும், ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரமாக வெளிப்படும். இரைப்பைப் புண்ணுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வருடக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

இது பணக்கார நாடுகளின் நோய், நமக்கு வராது என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். பஞ்சாபில் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு லட்சம் பேருக்கு 44 பேர் அல்சரேட்டிவ் கொலைடிஸுடன் இருந்தார்கள். அந்தப் பாடத்தை அதற்குப் பிறகும் நடத்துவதற்கு நியாயம் இல்லை.

நோயின் உண்மையான கனம் இரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியாது. நம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் நெருக்கி உட்காருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அடக்க முடியாத அவசரத்தோடு ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை வெளியே போக வேண்டிய ஒருத்தி அந்த ஜீப்பில் எப்படி ஏறுவாள்? "இராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லை டாக்டர், அப்போதுதான் மலை ஏற முடிகிறது" என்று சொன்னவர்கள் உண்டு. பட்டினியால் மெலிந்தவரைப் பார்த்துவிட்டு, "சத்துக் குறைவு, எதிர்ப்புச் சக்தி ஏறுவதற்கு இந்தப் பவுடரைச் சாப்பிடு" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, குடலுக்குள் போவோம்.

ஒரு மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் சொந்த செல்களின் எண்ணிக்கை சுமார் 30 லட்சம் கோடி. அந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும் பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. அவற்றுக்கும் நம் திசுவுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் தடிமன் உள்ள சுவர். அந்தச் செல்களும் நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. இதே பாக்டீரியாக்களில் சில இரத்தத்துக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் வயிற்றை மறந்துவிட்டு வாழ்கிறோம்.

இது தற்செயலாக நடப்பதில்லை. பெருங்குடலின் சுவர்மீது இரண்டு அடுக்காகக் கோழைப் படலம் படர்ந்திருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியாக்கள் தாராளமாக வாழ்கின்றன. உள் அடுக்கில் அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள் 2008-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அந்தக் கோழையை உருவாக்கும் புரதத்தை நீக்கிவிட்டால் எலிக்குப் பெருங்குடல் அழற்சி வந்துவிடுகிறது. சிறுகுடலில் பானெத் செல்கள் என்று சில உண்டு. டிஃபென்சின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரப்பது அவற்றின் வேலை. இவை போதாதென்று, ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியை நாம் நாள்தோறும் கிராம் கணக்கில் குடலுக்குள் ஊற்றுகிறோம். அது பாக்டீரியாக்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு, கொல்லாமல், சுவரை நெருங்கவும் விடாமல் வைத்திருக்கிறது.

கடைசியாக, டி அணுக்களில் அடக்கும் வகை ஒன்று இருக்கிறது. மற்ற வெள்ளணுக்கள் கிளர்ந்தெழும்போது "போதும்" என்று சொல்வது இந்த வகைதான். அவை அப்படிச் சொல்லப் பயன்படுத்தும் முக்கியமான இரசாயனம் இன்டர்லூக்கின்-10. குடலின் எதிர்ப்புச் சக்தியில் பெரும் பங்கு இப்படிப் பொறுத்துப் போவதிலேயே செலவாகிறது என்பதைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொறுமை என்பது இங்கே சும்மா இருப்பது அல்ல. நிமிடத்துக்கு நிமிடம் செலவு செய்து காப்பாற்றும் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதை 1993-இல் ஜெர்மனியில் ஒரு எலி காட்டியது. இன்டர்லூக்கின்-10 இல்லாமல் பிறந்த எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதே வகை எலிகளை ஒரு கிருமிகூட இல்லாத கூண்டில் வளர்த்தார்கள். அவற்றுக்கு நோய் வரவில்லை. மரபணுக் குறை அப்படியே இருக்கிறது. பாக்டீரியா மட்டும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண எலிக் குடல் பாக்டீரியாக்களை அவற்றுக்குள் விட்டதும் அழற்சி தொடங்கிவிட்டது. நோய்க்கிருமி எதையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா எலிகளுக்குள்ளும் வாழ்கிற வழக்கமான பாக்டீரியாக்கள்தான் அவை.

எலிக்குச் சரி, மனிதருக்கு? பெல்ஜியத்தில் லூவன் நகரத்து மருத்துவர்கள் இதற்குப் பதில் தந்தார்கள். கிரோன் நோயில் கெட்டுப்போன சிறுகுடல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைப் பெருங்குடலோடு இணைப்பார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இணைப்புக்குச் சற்று மேலே மறுபடியும் புண் வரும். லூவன் மருத்துவர்கள் சிலருக்கு இணைப்பை உடனே பயன்படுத்தாமல், குடலில் வருவதை மேலேயே வயிற்றுச் சுவர் வழியாக வெளியேற்றிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இணைப்பு சுத்தமாக இருந்தது. மறுபடியும் குடலோட்டத்தை அந்த வழியாகத் திருப்பியதும் புண்கள் திரும்பின. 1991-இல் இதை வெளியிட்டார்கள். பிறகு 1998-இல் இன்னும் ஒரு படி போனார்கள்: மூன்று நோயாளிகளின் ஒதுக்கி வைத்த குடல் பகுதிக்குள், அவரவர் குடலில் ஓடிய திரவத்தையே எட்டு நாட்கள் செலுத்தினார்கள். அந்த எட்டு நாட்களுக்குள் அழற்சியின் முதல் அறிகுறிகள் திசுவில் தெரிந்தன.

இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. தன் குடலில் ஓடுவதையே ஒரு குடல் எதிரியாகப் பார்க்கிறது. ஜெர்மனியின் ஆய்வாளர்கள் 1995-இல் சோதனைக் குழாயில் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்திருந்தார்கள். நலமாக இருப்பவரின் குடல் வெள்ளணுக்கள் அடுத்தவரின் குடல் பாக்டீரியாக்களைக் கண்டால் பெருகிச் சண்டைக்குத் தயாராகின்றன. தன் சொந்த பாக்டீரியாக்களைக் கண்டால் அசைவதில்லை. நோய் தீவிரமாக இருப்பவர்களின் வெள்ளணுக்களோ சொந்த பாக்டீரியாக்களையும் தாக்கின.

இரத்தத்திலும் இதன் தடம் கிடைக்கிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் புரதத்துக்கு எதிராகவும், ரொட்டி செய்யும் ஈஸ்டின் மேலோட்டுக்கு எதிராகவும் கிரோன் நோயாளிகள் பலருடைய இரத்தத்தில் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. இஸ்ரேல் இராணுவத்தில் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைத் தேடிப் பார்த்தபோது, நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சிலரிடம் ஈஸ்ட் ஆன்டிபாடி இருந்தது. முதல் வயிற்றுவலி வருவதற்கு வெகு முன்னரே பொறுமை குலையத் தொடங்கிவிடுகிறது என்று இதற்குப் பொருள். ஈஸ்ட் என்றதும் ரொட்டியை நிறுத்திவிட வேண்டாம். அந்த ஆன்டிபாடி ஒரு சாட்சி. குற்றவாளியைக் காட்டும் விரல் இல்லை.

ஏன் குலைகிறது? இங்கேதான் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

2001-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் கிரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவைக் கண்டுபிடித்தன. அதன் பெயர் நாட்-2. அது என்ன செய்கிறது என்று பார்த்தால், பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு சின்னத் துண்டை மோப்பம் பிடிக்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. எதிர்ப்பு மிகையாகிற நோய் என்றால், மோப்பம் கூர்மையாகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கண்டது நேர்மாறு. நோயாளிகளிடம் இருந்த மாற்றங்கள் மோப்பத்தை மழுங்கடிப்பவை.

பாக்டீரியாவைச் சரியாக உணர முடியாத குடலில் அழற்சி ஏன் கூட வேண்டும்? ஏலத்தோட்டத்துக் காவல் நாயை வைத்து நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மூக்கு நன்றாக இருக்கும்வரை, தினமும் வேலைக்கு வருகிற ஐம்பது பேரைப் பார்த்து அது வாலாட்டும். புதியவர் வந்தால் ஒரு குரைப்பு, அதோடு சரி. மூக்கு மழுங்கிய நாய் முதலில் திருடனைக் கோட்டை விடும். பிறகு பயந்துபோய், வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கடிக்கும்.

இலண்டனில் ஒரு குழு இந்த முதல் பாதியை, அதாவது கோட்டை விடுவதை, நேரடியாகச் சோதித்தது. வெப்பத்தால் கொல்லப்பட்ட ஈ-கோலை பாக்டீரியாக்களைத் தன்னார்வலர்களின் முன்கைத் தோலுக்கடியில் செலுத்தினார்கள். நலமாக இருந்தவர்களின் உடம்பு அவற்றை விரைவில் அப்புறப்படுத்திவிட்டது. கிரோன் நோயாளிகளின் தோலில் அவை நெடுநேரம் தங்கின. முதலில் வந்து சேர வேண்டிய நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் போதிய அளவில் வரவே இல்லை. குடலில் இப்படி நடந்தால் சுவரைத் தாண்டி உள்ளே நழுவிய பாக்டீரியா அங்கேயே கிடக்கும். அதை அகற்றுவதற்கு இரண்டாம் அணி வரும். அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போகாது. 2007-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த வேறு சில மரபணுக்களும் இதற்குத் துணை நிற்கின்றன. செல்லுக்குள் நுழைந்த பாக்டீரியாவைப் பொட்டலம் கட்டிச் செரித்துவிடும் வேலையைச் செய்பவை அவை. நோயாளிகளில் அந்த வேலை தடுமாறுகிறது.

ஆகவே "எதிர்ப்புச் சக்தி அதிகமா, குறைவா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, கிரோன் நோயைப் பொறுத்தவரை இரண்டும்தான் என்று சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவு, பிற்பாடு மிகை. கூட்டுகிற பவுடருக்கு இதில் எந்த இடத்தில் வேலை இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஐரோப்பியர்களிடம் பரவலாகக் காணும் அந்த நாட்-2 மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. நம் ஆட்களின் மூக்கு வேறு ஏதோ வழியில் மழுங்குகிறது. ஐரோப்பாவிலும் அந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாதான் குற்றவாளி என்று நிரூபிக்க நூறு வருடமாக முயற்சி நடக்கிறது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல், நியூயார்க்கில் கிரோனும் அவருடைய தோழர்களும் 1932-இல் இந்த நோயை விவரிப்பதற்கு முன்பே, 1913-இல் இதே நோயை எழுதிவிட்டார். மாடுகளுக்கு ஜோனி நோய் என்று ஒன்று வரும். தீராத கழிச்சல், எலும்பும் தோலுமாக மெலிதல், தடித்துப்போன குடல். அதை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. மனிதருடைய குடலும் மாட்டின் குடலும் இவ்வளவு ஒத்திருக்கின்றனவே என்று டால்சீல் அன்றே வியந்தார். அந்தச் சந்தேகம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 213 கிரோன் நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் மூன்று ஆன்டிபயாட்டிக்குகளை இரண்டு வருடம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. முதல் சில மாதங்களில் கொஞ்சம் நன்மை தெரிந்தது; நிலைக்கவில்லை. 2007-இல் முடிவு வந்தபோது பலருக்கு ஏமாற்றம். மாட்டின் கிருமி பாலில் வருமோ என்று பயந்து, பால் குடிப்பதை விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: காய்ச்சிய பால் ஒத்துக்கொண்டால் குடியுங்கள்.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு ஒரு திசையில் தேடினார்கள். குடல் சுவரில் ஒட்டி, செல்லுக்குள்ளும் புகுந்து வாழும் ஒரு வகை ஈ-கோலையைக் கிரோன் நோயாளிகளின் சிறுகுடல் நுனியில் அடிக்கடி கண்டார்கள். அதே நாட்டினர் 2008-இல் இன்னொன்றும் சொன்னார்கள்: ஃபீகாலிபாக்டீரியம் என்ற சாதுவான பாக்டீரியா குறைந்திருப்பவர்களுக்கு அறுவைக்குப் பிறகு நோய் திரும்புவது அதிகம். அது நாம் செரிக்காமல் விடும் நாரைத் தின்று பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். அடக்கும் டி அணுக்கள் உருவாகவும் அது உதவுகிறது. வரக்கூடாதது வந்ததால் நோயா, இருக்க வேண்டியது போனதால் நோயா, அல்லது அழற்சிதான் இரண்டையும் உண்டாக்கியதா? என் கணிப்பு கடைசிப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. மூன்றும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்பதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது நம் நாட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, குடலுக்கும் வரும். குடலில் அதற்குப் பிடித்த இடம் எது தெரியுமா? சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பு. கிரோனுக்கும் அதே இடம். காய்ச்சல், எடை குறைதல், வலது அடிவயிற்றில் வலி, குடல் சுருக்கம், குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில் புண் எல்லாமே பொது. திசுவைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் பயாப்சியிலும் இரண்டிலும் வெள்ளணுக்கள் கூடிக் கட்டிய முடிச்சுகள் தெரியலாம். காசநோயில் அந்த முடிச்சின் நடுப்பகுதி அழுகிப் பாலாடைக்கட்டி மாதிரி மாறியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. எல்லா நேரமும் அப்படி அமைவதில்லை.

குழப்பத்தின் விலை மிகப் பெரிது. கிரோனுக்கு நாங்கள் கொடுப்பது எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. காசநோய்க்காரருக்கு அதைக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். இன்னும் கடுமையான உதாரணம் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி. அது 1998-இல் கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு அழற்சி இரசாயனத்தை அது பிடித்துக் கட்டுகிறது. பலருக்கு மூடாத பவுத்திரம்கூட மூடுகிறது. 2001-இல், அந்த ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக ஒரு அறிக்கை வெளியானது. காரணம் விளங்கியது: உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிய முடிச்சு சிதையாமல் நிற்பதற்கு வேண்டிய இரசாயனமும் அதே டி.என்.எஃப்.தான். ஒரு பாக்டீரியாவிடம் பொறுமையை மீட்டுத் தரும் மருந்து, இன்னொரு பாக்டீரியாவை விடுவித்துவிடுகிறது.

அதனால் இந்த ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான பரிசோதனைகளும் கட்டாயம். இரண்டு நோயையும் பிரிக்கவே முடியாதபோது முதலில் காசநோய் மாத்திரையைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் ஸ்கோப் செய்து பார்ப்போம். காசநோய் என்றால் புண் ஆறியிருக்கும். புண் அப்படியே இருந்தால், பசி எடுத்தது, தெம்பு வந்தது என்று நோயாளி சொன்னாலும் நம்பிவிடக் கூடாது. கிரோனை நினைக்க வேண்டும். "போன முறைதான் குழாய் விட்டீர்களே, இன்னொரு தடவை எதற்கு?" என்று சண்டை பிடிக்கும் குடும்பத்தார் தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்கோப்பைத் தவிர்த்துவிட்டுக் காசநோய் மாத்திரையை ஒன்றரை வருடம் விழுங்கியவர்கள் உண்டு.

மருந்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல ஆசை. சல்ஃபாசலசின் பழைய மருந்து, விலை மலிவு. சுவீடன் மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக அதை உருவாக்கினார்; 1940-களின் தொடக்கத்தில் பெருங்குடல் நோயாளிகளும் தேறுவதைக் கண்டார். அது இரண்டு மருந்துகள் ஒன்றாகப் பிணைந்த மாத்திரை. சிறுகுடலில் பெரும்பகுதி அப்படியே கடந்து, பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. கிருமியே இல்லாமல் வளர்த்த எலியின் குடலில் அது அறுபடுவதில்லை. அறுபட்ட இரண்டு பாதிகளில் எது வேலை செய்கிறது என்பதை, வங்கதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கான் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து 1977-இல் கண்டுபிடித்தார். இன்று நீங்கள் வாங்கும் மெசலமின் அந்தப் பாதிதான். எந்தப் பாக்டீரியாக்களிடம் குடல் கோபித்துக்கொண்டதோ, அவற்றின் தயவில் வேலை செய்யும் மருந்து! எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

உணவைப் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று குடல் பாக்டீரியாக்களை நண்பர்களாக நடத்தியது. காலரா நோயாளிகளின் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிறிய அமிலங்களைத் தந்தன, அவற்றின் உதவியால் பெருங்குடல் உப்பையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சியது, பேதி குறைந்தது. சோறு ஆறும்போதும் இந்த வகை மாவுச்சத்து ஓரளவு கூடுகிறது. அதனால் பழைய சோறு சாப்பிடாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பழைய சோறு கிரோனைக் குணமாக்கும் என்று கைப்பேசியில் உலவும் செய்திக்கு மட்டும் ஆதாரம் கிடையாது. குடல் சுருங்கியிருப்பவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய் போன்ற நார் மிகுந்தவற்றை விலக்க வேண்டும். மற்றவர்கள் காய்கறிக்குப் பயப்படத் தேவையில்லை. நல்ல பாக்டீரியா என்று விற்கும் பொட்டலங்கள் கிரோனுக்கு உதவியதற்குச் சான்று இல்லை. கிரோன் உள்ளவர்கள் பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்த வேண்டும். இதில் பேரம் கிடையாது.

நிலையத்தார் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றைப் பார்க்கிறேன். "எனக்கு இருக்கிறது, பிள்ளைக்கும் வருமா?" வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. உருவில் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் இருந்தாலும், மற்றவருக்கு வராமல் போவதே அதிகம். "ஒவ்வொரு முறையும் ஸ்கோப் வேண்டுமா?" வேண்டாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் போதிய அளவுக்குத் தெரியும். நியூட்ரோஃபில்கள் பாக்டீரியாவுக்குத் துத்தநாகம் கிடைக்கவிடாமல் பறித்து வைக்கப் பயன்படுத்தும் புரதம் அது. குடலில் எவ்வளவு சண்டை நடக்கிறது என்பதற்கு அதுவே கணக்கு.

"கர்ப்பமாக இருக்கும்போது மருந்தை நிறுத்த வேண்டுமா?" மலை மேலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மா, நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் கிளம்பினால் குழந்தைக்கு வரும் கெடுதல், பெரும்பாலான மருந்துகளால் வருவதைவிடப் பெரிது. மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகள் மட்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மருந்து கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. பிறந்து பல மாதங்கள் அதன் இரத்தத்தில் இருக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். பி.சி.ஜி. என்பது உயிருள்ள, வீரியம் குறைத்த பாக்டீரியா. அந்த மருந்து இரத்தத்தில் இருக்கும் குழந்தைக்கு அதுவே உடம்பெங்கும் பரவலாம். வெளிநாட்டில் ஒரு குழந்தை இப்படி இறந்திருக்கிறது. ஆகவே பிரசவத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும், கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பிரசவம் பார்க்கிறவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் கொடுத்துவிடுங்கள். பி.சி.ஜி.யைக் குறைந்தது ஆறு மாதமாவது தள்ளிப்போட வேண்டியிருக்கும்; பலர் ஒரு வருடம் என்கிறார்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உயிரில்லாத மற்ற தடுப்பூசிகளை அட்டையில் உள்ள தேதியிலேயே போடலாம்.

வணக்கம்.